புழு இல்லாத குறை

நலவாழ்வு எழுத்தறிவு, அதாவது நோயை விளக்கிச் சொல்லும் அறிவு, இல்லாமல் கொசுவை ஒழித்தால் அது ஒழித்ததாகாது என்று மேலிடம் தீர்மானித்த வருடத்தில்தான் புவாலை அக்காவின் நீலச் சட்டைக்கு ஆபத்து வந்தது.

அவள் எங்கள் நோங்கோக் கிராமத்தின் சுகாதாரத் தன்னார்வலர். அந்தச் சட்டையைப் போட்டவள் எந்த வீட்டுச் சமையலறைக்குள்ளும் கேட்காமல் நுழையலாம். மழைநீர்ச் சாடியைத் திறக்கலாம். எறும்புக்குப் பயந்து அலமாரிக் காலடியில் வைத்த தண்ணீர்க் கிண்ணத்தைக் கவிழ்க்கலாம். அப்படியே அலமாரிக்குள்ளும் ஒரு பார்வை. யார் வீட்டில் புளித்த மீன் தீர்ந்தது, எந்த மருமகள் கோபத்தில் சோறு வேகவைக்கவில்லை, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. சட்டை இல்லாத புவாலை வெறும் வம்புக்காரி. இது எங்களுக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அந்த எழுத்தறிவுக்கான செயல்முறைத் தேர்வை நடத்தத் தனகோன் வந்தார். ஊசியைத் தொட்டறியாதவர் என்றாலும் சுகாதார அலுவலகத்தில் சம்பளம் வாங்குபவர் எங்களுக்கு டாக்டர்தான். தேர்வு எளிது. கொசுப்புழுவைக் கண்டுபிடித்து, அதன் தீமையை வீட்டாருக்கு விளக்கி, அழித்துக் காட்டவேண்டும்.

சாடிகள் எல்லாம் மூடியிருந்தன. மூடாதவற்றில் புழு தின்னும் கப்பி மீன்கள் கொழுத்துத் திரிந்தன. வாசலில் காவல் ஆவிக்கு வைத்திருக்கும் குட்டி வீட்டின் பூச்சாடியில்கூட அன்று காலை மாற்றிய தண்ணீர்.

“புழு எங்கக்கா?”

“இல்லீங்க டாக்டர்.”

“இல்லாத புழுவை எப்படி ஒழிச்சீங்க?”

“வரவிடல.”

“வரவிடாததுக்கு மார்க் கிடையாதேக்கா,” என்றார் அவர், உண்மையான வருத்தத்துடன். மறு தேர்விலும் புழு இல்லையென்றால் சட்டையைத் திருப்பித் தரவேண்டும் என்று சொல்லிவிட்டு, விரல்களால் இதயம் காட்டிப் படம் எடுத்துக்கொண்டு போனார்.

பக்கத்து ஊர்த் தன்னார்வலர் தோங்பை அதே தேர்வில் முதலிடம் பெற்றிருந்தாள். அங்கே எந்தச் சாடியில் கையை விட்டாலும் தேர்ச்சி. புவாலை ஒரு குவளை புழு கடன் கேட்டுப் போனாள்.

“எங்க புழு எங்களுக்கே பத்தலக்கா. இன்னும் பாதிப் பேர் பரீட்சை எழுதல,” என்றாள் தோங்பை.

விஷயம் ஊர் மானத்துக்கு வந்துவிட்டது. மறுநாள் காலை கிராமத் தலைவர் ஒலிபெருக்கியில் அறிவித்தார்: அனைவரும் சாடி மூடிகளை அகற்றி ஒத்துழைக்கவும், மீன்களைக் கோயில் குளத்தில் விட்டுப் புண்ணியம் தேடிக்கொள்ளவும். ஒத்துழைத்தோம். புழு வந்தது. நெளிநெளியாக, பார்க்கவே நிறைவாக. புவாலை வீடுவீடாகப் போய், குழந்தை பிறந்த வீட்டுக்காரரிடம் சொல்வதுபோல் வாழ்த்துச் சொன்னாள்.

டாக்டர்தான் வரவில்லை. நலவாழ்வு எழுத்தறிவு பற்றிய கருத்தரங்குக்காகக் கடற்கரை விடுதிக்குப் போயிருந்தார். கருத்தரங்கு மிகவும் பயனுள்ளதாக இருந்ததால் நீட்டித்துவிட்டார்களாம். புழுவுக்கு அந்தச் சுற்றறிக்கை போகவில்லை.

அவர் வந்தபோது ஊரே பாயில் கிடந்தது. புவாலை கொசுவலைக்குள், காய்ச்சலிலும் சட்டையோடு படுத்திருந்தாள்.

“புழு எங்கக்கா?”

“பறந்துடுச்சு டாக்டர்.”

அவர் யோசித்தார். பிறகு வினாத்தாளைப் புரட்டி, டெங்குவின் அறிகுறிகள் என்னவென்று கேட்டார்.

“கண்ணுக்குப் பின்னால குத்துது டாக்டர். மூட்டெல்லாம் யாரோ உலக்கையால இடிக்கிற மாதிரி.”

பக்கத்துப் பாயிலிருந்து அவள் கணவன் கம்லா, குமட்டலை விட்டுவிட்டாளே என்று திருத்தினான். எதிர் வீட்டிலிருந்து ஒருவர் தோலில் சிவப்புப் புள்ளியும் உண்டு என்று முனகினார். கேட்காத கேள்விக்கும் பதில் வந்தது. டாக்டரின் கண் கலங்கிவிட்டது. மொத்த ஊரும் இப்படி எழுத்தறிவு பெற்றதை அவர் பார்த்ததே இல்லையாம்.

தெய்வாதீனமாக யாரும் சாகவில்லை. செத்திருந்தால் மார்க் கூடியிருக்குமா என்று தலைவர் கேட்டதற்கு டாக்டர் வினாத்தாளை இன்னொரு முறை புரட்டிப் பார்த்தார்.

நோங்கோக் முன்மாதிரிக் கிராமமாக அறிவிக்கப்பட்டது. எழுந்து நிற்க முடிந்தவர்கள் நின்று, முடியாதவர்கள் சாய்ந்து, எல்லோரும் விரல்களால் இதயம் காட்டினோம். புவாலை மாவட்டப் பயிற்சியாளர் ஆனாள். காய்ச்சலே வராததால் எழுத்தறிவில் பின்தங்கிய ஊர்களுக்கு அவளைத்தான் அனுப்புகிறார்கள். மாவட்டத்தில் அவள் நுழைய முடியாத சமையலறை இப்போது ஒன்றுகூட இல்லை.

போன வாரம் ஒரு சுத்தமான ஊருக்குப் போயிருந்தாள். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று வீட்டுக்காரி பயபக்தியோடு கேட்டாளாம்.

“முதல்ல மூடியெல்லாம் எடுத்துடும்மா,” என்றாளாம் புவாலை, அலமாரியைத் திறந்துகொண்டே.