யாரையும் தெரியாத ஊர்

நம் நாட்டில் புதிதாக ஓர் இனம் பெருகி வருகிறது. முதுகில் பை, தலையில் தொப்பி, சட்டைக் காலரில் செருகிய கறுப்புக் கண்ணாடி சகிதம் ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் எழும்பூரில் ரயிலேறும் இனம். கேட்டால் "தனியாப் போறேன்" என்பார்கள். கேட்காவிட்டாலும் சொல்வார்கள். தன்னந்தனிப் பயணி என்று நானே இவர்களுக்குப் பெயர் சூட்டியிருக்கிறேன்.

தனியாகப் போவது பெரிய காரியமா? மளிகைக் கடைக்கு நாம் எல்லோரும் தனியாகத்தான் போகிறோம். ஆனால் தன்னந்தனிப் பயணி கிளம்புகிறார் என்றால் அந்தச் செய்தி முதலில் பள்ளித் தோழர்கள் குழுவுக்கும், பிறகு அலுவலகக் குழுவுக்கும், கடைசியில் அடுக்குமாடிக் குடியிருப்பின் தண்ணீர் லாரிக் குழுவுக்கும் போய்ச் சேர்ந்தாக வேண்டும். ரயிலில் ஜன்னலைப் படம் எடுப்பார், காபியைப் படம் எடுப்பார், ஜன்னலோரத்துக் காபியைப் படம் எடுப்பார், "தனிமையே இனிமை" என்று எழுதி ஸ்டேட்டஸில் போடுவார், எத்தனை பேர் பார்த்தார்கள் என்று செங்கல்பட்டு வருவதற்குள் பலமுறை பார்ப்பார். யாரும் பார்க்காத தனிமையில் என்ன சுகம் இருக்கிறது, சொல்லுங்கள்?

என் நண்பர் ஞானசேகரனையே எடுத்துக்கொள்வோம். பழைய ஊர்களை ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்புவது அவர் வழக்கம். போன மாதம் கடலூர், சிதம்பரம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் அவருடைய கூடப் பிறந்த தங்கை பவானி குடியிருக்கிறாள். தங்கை இருக்கும் ஊருக்குப் போய்விட்டு அவள் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்புவது நம் பக்கத்தில் எவ்வளவு பெரிய குற்றம் என்று உங்களுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். அதனால்தான் சொல்லாமல் போனார். போனால் உட்கார் என்பாள், சாப்பிடு என்பாள், அவள் கணவர் இளவரசு டிவியைப் போடுவார், வரலாறு பாழாகிவிடும். சமீபத்தில் அவர்கள் வேறு வாடகை வீட்டுக்கு மாறிப் பால் காய்ச்சியபோதும் "ஆபீஸ்ல ஆடிட்" என்று இருந்துவிட்டவர்தான் இவர். ஸ்டேட்டஸ் போடுகிறாரே, தங்கை பார்க்க மாட்டாளா? மாட்டாளாம். அவளுக்கு வீட்டு வேலையே சரியாக இருக்குமாம்.

தேவனாம்பட்டினத்தில் கோட்டையைப் பார்த்தார். கோட்டைக்கு முன்னால் தான் எப்படி இருக்கிறோம் என்பதை அதைவிட அதிக நேரம் பார்த்தார். வெளியே வந்தால் ஆட்டோ.

"எங்க சார் போவணும்?"

"சும்மா, கால் போன போக்கில போகணும்."

"அப்ப மைதானத்தாண்ட எறக்கி உட்டுர்றேன், ஏறு சார்."

மஞ்சக்குப்பம் மைதானத்துக்குப் பின்னால் ஒரு தெருவில் அவருக்குப் பொக்கிஷம் கிடைத்தது. காரை பெயர்ந்த பழைய மாடி வீடு. தன்னந்தனிப் பயணிக்கு வரலாறு பிடிக்கும், அதில் குடியிருப்பவர்களைப் பிடிக்காது. ஆகவே ஸ்கூட்டர் விழாமல், டிஷ் ஆன்டெனா விழாமல், மாடியில் காயும் லுங்கி விழாமல் குந்தி, வளைந்து, எதிர்வீட்டு மதிலில் சாய்ந்து படம் எடுத்தார். "யாரையும் தெரியாத ஊர். யார் வாழ்ந்த வீடோ இது! மனிதக் குரல் கேட்டு எத்தனை காலமோ!" என்று எழுதிப் போட்டார். நான்கூடப் பார்த்தேன். இதயம் ஒன்று அனுப்பினேன்.

அங்கிருந்து பஸ் பிடித்துச் சிதம்பரம். கீழ வீதியில் கோபுரத்தோடு ஒரு படம் போட்டுவிட்டு, ஓட்டலில் உட்கார்ந்து இட்லியைக் கொத்சுவில் தோய்த்த நேரத்தில் பவானியின் குரல் செய்தி வந்தது.

"அண்ணா, அது எங்க வீடுண்ணா. வாசல்ல பாரு, காலையில நான் போட்ட கோலம். உள்ளதான் இருந்தேன், கூப்புட்டிருந்தா வந்திருப்பேன். சரி, வேலையிருக்கும். ஆனா யாரையும் தெரியாத ஊருன்னு போட்டிருக்கியே, அது எதுக்குண்ணா?"

அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். கோலம் இருந்தது. மாவு இன்னும் கலையவில்லை.

நான் கேலி செய்கிறேனே தவிர, ஞானசேகரன் கல்நெஞ்சக்காரர் இல்லை. இட்லியைப் பாதியில் விட்டு எழுந்தார். வெட்கத்தில் போனை அணைத்தார். பால் காய்ச்சும்போது வாங்கித் தந்திருக்க வேண்டிய குத்துவிளக்கை இப்போது வாங்கினார். கோயிலுக்குள் போகாமலே கடலூர் பஸ் ஏறினார். வீட்டைக் கண்டுபிடிக்க வழி கேட்க வேண்டியிருக்கவில்லை, அவர் எடுத்த படமே போதுமானதாக இருந்தது. ஆனால் கதவு பூட்டியிருந்தது. போனை உயிர்ப்பித்த உடனே அடித்தது.

"எங்கண்ணா இருக்க? போனும் போவல. கோபுரத்தாண்ட போட்டோ போட்டிருந்தியேன்னு சாப்பாடு கட்டிக்கினு அவரும் நானும் சிதம்பரத்துக்கே வந்துட்டோம்."

"நான் உன் வீட்டு வாசல்ல நிக்கிறேம்மா."

"சாவி பக்கத்து வீட்டு சவரியம்மாக்காகிட்ட இருக்கு. வாங்கி உள்ள உக்காரு. வந்துர்றோம்."

சவரியம்மாள் கதவைப் பாதிதான் திறந்தார்.

"நீங்க யாரு தம்பி?"

"பவானியோட அண்ணன்."

"அதுக்கு அண்ணன் இருக்காரா? பால் காய்ச்சறப்ப யாரும் வரலியே." மேலும் கீழும் பார்த்தார். "தப்பா நெனச்சுக்காதீங்க, காலம் கெட்டுக் கெடக்குது, போன்ல பேசற கொரலையெல்லாம் நம்ப முடியல. ரெண்டு பேரும் சேந்து எடுத்த போட்டோ ஒண்ணு காட்டுங்க, சாவி தர்றேன்."

ஞானசேகரன் போனில் தேடினார். கோட்டைகள் வந்தன. கோபுரங்கள் வந்தன. யார் யாருடைய வீட்டுக் கதவுகளோ, தூண்களோ, ஜன்னலோரத்துக் காபிகளோ வந்துகொண்டே இருந்தன. தங்கையோடு எடுத்த படம் ஒன்றுகூட வரவில்லை. கடைசியில் குத்துவிளக்கை மடியில் வைத்துக்கொண்டு, கோலத்தை மிதித்துவிடாமல் வாசற்படியில் உட்கார்ந்தார். அந்தத் தெருவில் அவரை யாருக்கும் தெரியவில்லை. விரும்பிக் கேட்ட ஊர், கிடைத்துவிட்டது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீங்களும் எங்கோ கிளம்புவதாகக் கேள்விப்பட்டேன். சவரியம்மாள்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பையைக் கட்டுவதற்கு முன்னால், உங்கள் போனையும் ஒருமுறை தேடிப் பார்த்துவிடுங்களேன்.