ரொட்டி மூடிய கிளாஸ்

கிளாஸை மூடியிருந்த ரொட்டித் துண்டைத் தின்று, உள்ளே இருந்ததையும் ஒரே மடக்கில் குடித்து முடித்த பிறகுதான், அடுக்களையிலிருந்து தங்கப்பனுக்கு மனைவி பகவதியம்மாளின் குரல் கேட்டது.

"ஜன்னல்ல மருமவ வச்சிருக்க கிளாஸத் தொட்டுராதீங்க. அது செத்தவியளுக்குள்ளது. அவிய நாட்டு முறையாம். நாப்பது நாள் அனங்காம இருக்கணும்."

"நான் ஏன் தொடுதேன்?" என்று தங்கப்பன் மீசையைத் துடைத்துக்கொண்டார். குடியை விட்டு ஆறு வருடம். தண்ணீர் என்று நினைத்துத்தான் வாயில் வைத்தார். தொண்டையில் இறங்கிய பிறகு நிறுத்த மனம் வரவில்லை.

மருமகள் நீனா ருஷ்யாக்காரி. அவளுடைய ஊருக்குப் பெயரே மே ஒன்று. "ஊருக்குத் தேதியையா பேரா வைப்பானுவ?" என்று தங்கப்பன் சிரித்திருக்கிறார். சோவியத் காலத்தில், காட்டில் மரம் வெட்ட ஆட்களைக் கொண்டுவந்து உண்டாக்கிய ஊர். வேலை நின்றது, ஆட்கள் போனார்கள். இப்போது பத்துப் பதினைந்து வீடுகள்தாம். டாக்டருக்குப் படிக்கப் போன மகன் சிவபிரசாத் பக்கத்து டவுன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டு அவள் ஊரிலேயே தங்கிவிட்டான். வீட்டுக்குப் போன் பேச வேண்டுமென்றால் பனியில் மேடேறி நிற்க வேண்டும்.

முந்தின நாள்தான் நீனா தனியாக வந்து இறங்கினாள். முகம் வீங்கியிருந்தது. தெரிந்த தமிழில், "வீட்டுல... சாவு" என்றாள்.

"யாரு மக்கா, உனக்க அம்மையா?" என்று பகவதியம்மாள் கேட்டாள்.

நீனா அவள் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு தலையாட்டினாள்.

"சிவபிரசாத்?"

"டவர் இல்லை."

காரியங்களை முடித்துவிட்டு வருவான் என்று இருவரும் இருந்தார்கள்.

தங்கப்பன் கிளாஸில் தண்ணீரை ஊற்றி, கடையில் பன் வாங்கி மூடினார். பன்னின் உச்சியில் செர்ரிப் பழம் இருந்தது. அதைப் பார்த்ததும் நீனா விசும்பினாள். வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்டுபிடித்துவிட்டாள் என்று அவருக்கு வியர்த்தது.

நாலு நாளில் பன் பூசணம் பூத்தது. வோட்காவையே வாங்கி ஊற்றிவிடுவோம் என்று குலசேகரம் ஒயின்ஷாப்பில் போய் நின்றார். பதிக் கோயிலில் பணிவிடை செய்யும் சுயம்புராஜ் சைக்கிளை நிறுத்தினார்.

"என்னவே தங்கப்பா, மறுபடியுமா?"

"எனக்கில்ல ஓய். சம்பந்திக்கு."

"செத்துப்போன சம்பந்திக்கா?"

தங்கப்பனுக்கு முன்னால் செய்தி வீடு சேர்ந்தது. பகவதியம்மாள் குப்பியைப் பிடுங்கிச் சாக்கடையில் கவிழ்த்தாள். "வெக்கங்கெட்ட மனுசா! மருமவ துக்கத்துல இருக்கா, உமக்குக் கொண்டாட்டம் கேக்குதோ?"

நாற்பதாம் நாள் வந்தது. கிளாஸில் வெறும் தண்ணீர். தங்கப்பனால் தாங்க முடியவில்லை. ருஷ்யாவில் படித்துக்கொண்டு லீவுக்கு வந்திருந்த பக்கத்துத் தெரு லிஜினைக் கூட்டிவந்தார்.

"அவ அம்மைக்கு வச்சத நான் குடிச்சிட்டேன்னு சொல்லு மக்கா. அந்த ஆத்துமா பொறுக்கணும்னு கேளு."

அவன் வாயைத் திறப்பதற்குள் நீனாவின் போன் அடித்தது.

"டவர் வந்துட்டு! நம்ம பயதான்!" என்று பகவதியம்மாள் ஈரக்கையோடு ஓடிவந்தாள்.

திரையில், தலையில் துணி கட்டிய ஒரு கிழவி பனியில் மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தாள். நீனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போனை லிஜினிடம் நீட்டினாள். கேட்கக் கேட்க அவன் முகம் வெளுத்தது.

"யாருடே அது?" என்றார் தங்கப்பன்.

"நீனாக்காக்க அம்மை, மாமா. சிவாண்ணனுக்கு வச்ச கிளாஸ் நாப்பது நாளும் அனங்காம இருந்துதான்னு கேக்குதாவ."