ஒரு குறையுமில்லாத பிக்கப்

எழுதுவது என் வேலையில்லை. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஸலாம் சொன்னவன் நான். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் நெல் மூட்டைகளில் போட்ட பெயர்கள்தான். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவன், பலர் வாசிக்கும் இடத்தில் கதைக்க வந்திருப்பது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் வரும் இரண்டு பேருக்கு நான் வாய் திறந்து நன்றி சொன்னதில்லை. ஒருவர் மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட்டார். மற்றவர் ஜப்பானில் எந்த ஊர் என்றே எனக்குத் தெரியாது. (தெரிந்தாலும் எந்தப் பாஷையில் சொல்வதாம்.) அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் கல்முனைப் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குக் குடிபோவார். வீடு பெண்ணுக்குரியது. அந்த வீட்டில் மருமகன் பாதி விருந்தாளி, பாதி ராசா. எங்கும் எழுதி வைக்காத இரண்டு சட்டங்கள் உண்டு. சீதனமாக வந்ததை மருமகன் குறை சொல்லக்கூடாது. மருமகனை மாமனார் குறை சொல்லக்கூடாது. இந்த இரண்டும் இருப்பதால்தான் எங்கள் ஊரில் இத்தனை வீடுகள் இன்னும் வீடுகளாக நிற்கின்றன.

எனக்கு வந்த சீதனத்தில் ஒரு பிக்கப்பும் இருந்தது. எண்பதுகளின் தொடக்கம் அது. ஜப்பான் வாகனங்கள் எங்கள் ரோட்டில் அப்போதுதான் பெருகத் தொடங்கியிருந்தன. மாமா அதைப் புத்தம் புதிதாக வாங்கி, ஊரார் பார்க்க துஆ ஓதி, சாவியை என் கையில் வைத்தார். எனக்குக் கை நடுங்கியது. (மணப்பெண்ணின் கையைப் பிடித்தபோதுகூட அவ்வளவு நடுங்கவில்லை என்று என் மனைவி பௌசியா இன்றைக்கும் சொல்வாள்.)

அந்தப் பிக்கப்பில் கோமாரியிலிருந்து ஐஸ் போட்ட மீன் ஏற்றுவேன். அறுவடைக் காலத்தில் வரிப்பத்தான்சேனை வயலிலிருந்து நெல் ஏற்றுவேன். ஒரு வருசம் முடிவதற்குள் மீன் தண்ணீரின் உப்பு அடித்தகட்டைத் தின்றுவிட்டது. சாரதியின் காலடியில் விழுந்த ஓட்டையால் ரோட்டைப் பார்க்கலாம். மாமி அதன்மேல் ஒரு பன்பாயை விரித்துவிட்டார். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். இடது பக்கக் கதவைத்தான் பொறுக்க முடியாது. அது நினைத்த நேரத்தில் தானாகத் திறக்கும். முதல் தடவை திறந்தபோது உள்ளே ஒரு பெட்டி கீரிமீன் மட்டும் இருந்தது. இரண்டாம் தடவை பௌசியா இருந்தாள்.

சீட்டைப் பிடித்துத் தப்பிவிட்டாள். அன்றைக்கே நான் ஒரு தும்புக் கயிற்றை எடுத்துக் கதவுப்பிடியைச் சீட்டின் காலோடு கட்டினேன். மாமாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? கயிறு இற்றுப்போகும் ஒவ்வொரு தடவையும் யாரோ புதுக்கயிறு மாற்றிவைத்தார்கள். பௌசியாதான் என்று நினைத்து, நான் கேட்கவுமில்லை.

அவள் நிறைமாதமாக இருந்தபோதுதான் அந்தச் செய்தி வந்தது. பிக்கப்பைச் செய்த கம்பனியின் எஞ்சினியர்மார் ஜப்பானிலிருந்து வந்து, வாகனம் வாங்கியவர்களின் வீடுகளுக்கே போய்க் குறை கேட்கிறார்களாம். உப்புக் காற்றும் வயல் ரோட்டும் ஒன்றாக உள்ள இடம் வேண்டுமென்று எங்கள் வீட்டைத் தெரிந்தெடுத்திருக்கிறார்கள். மாமா பூரித்துப்போனார்.

"பாத்தீங்களா மருமகன், செஞ்ச ஆக்களே தேடி வாறாங்க. நம்மட வாகனத்திர மதிப்பப் பாருங்க."

பௌசியா என்னை அடுப்படிக்குள் கூப்பிட்டாள்.

"இஞ்சருங்க, அந்தக் கதவப் பத்திச் சொல்லுவீங்கதானே?"

"மாமா பக்கத்தில இருப்பாரே புள்ள."

"அப்ப நான் ஆசுபத்திரிக்கு மாட்டு வண்டியிலதான் போவன். கயித்தால கட்டின கதவுக்குள்ள நானும் புள்ளயும் ஏற மாட்டம். சொல்லிட்டன்."

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

விருந்தாளிகள் வந்த காலையில் நான் செய்த முதல் வேலை, அந்தக் கயிற்றை அவிழ்த்துச் சீட்டுக்கடியில் ஒளித்தது. கயிறு கிடந்தால் அதுவே ஒரு முறைப்பாடு அல்லவா? இவ்வளவுதான் என் மூளை.

வந்தவர்கள் மூன்று பேர். கண்ணாடி போட்ட மூத்த எஞ்சினியர், அவர் சொல்வதை எழுத ஓர் இளைய எஞ்சினியர், மொழிபெயர்க்கக் கொழும்பு ஏஜன்சியிலிருந்து நிசாம் என்ற பையன். முதலில் சாப்பாடு. பாயில் உட்கார்ந்து ஒரே சகனில், அந்தப் பெரிய தட்டில், எல்லோரும் கை போட்டுச் சாப்பிட்டோம். மூத்தவர் மாமாவுக்கு எதிரே சம்மணம் கொட்டி, மாமா பிய்த்து வைத்த இறைச்சித் துண்டையெல்லாம் தலையாட்டித் தலையாட்டிச் சாப்பிட்டார். ஒரே சகனில் தின்ற மனிதரிடம், அவர் செய்த பொருள் கூடாது என்று எப்படிச் சொல்வது? சட்டம் இரண்டாக இருந்தது, இப்போது மூன்றானது.

கை கழுவியதும் கேள்வி தொடங்கியது.

"வாகனத்தில என்ன குறை எண்டு கேக்கிறார்," என்றார் நிசாம்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாமா தொப்பியைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தார். கதவுத் திரைக்குப் பின்னால் பௌசியாவின் வளையல் சத்தம் கேட்டது.

"ஒரு குறையுமில்ல," என்றேன்.

இளையவர் பேனாவைத் தூக்கியபடியே இருந்தார்.

"வயல் ரோட்டில குலுக்குமா?"

"தொட்டில் மாதிரி."

"துரு?"

"துரு எண்டா என்னெண்டே அதுக்குத் தெரியா."

மூத்தவர் எழுந்துபோய்ப் பன்பாயைத் தூக்கிப் பார்த்தார். ஓட்டை வழியாக எங்கள் வீட்டுக் கோழி ஒன்று அவரை நிமிர்ந்து பார்த்தது.

"அது... மீன் தண்ணி வடியிறதுக்கு," என்றேன். "நல்ல வசதி."

அதை நிசாம் பாயைப் பார்த்தபடியே மொழிபெயர்த்தார். மூத்தவரின் முகம் வாடிவிட்டது. கடல் தாண்டிக் குறை கேட்க வந்தவரைப் பாராட்டியே கொன்றுகொண்டிருந்தேன். திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் இப்போது பலமாகக் கேட்டது.

"வாகனத்த ஓடிப் பாக்கணுமாம்," என்றார் நிசாம்.

மாமாவும் நிசாமும் இளையவரும் பின்தட்டில் ஏறினார்கள். மூத்தவர் என் பக்கத்தில், அந்தக் கதவோரம் உட்கார்ந்தார். கயிறு அவருடைய சீட்டுக்கடியில் கிடந்தது.

வயல் பக்கம் விட்டேன். வலது கையில் ஸ்டியரிங். இடது கையை அவர் நெஞ்சுக்குக் குறுக்கே நீட்டிக் கதவைப் பிடித்துக்கொண்டேன். அவர் இது எங்கள் ஊர் மரியாதை என்று நினைத்திருக்க வேண்டும், என் கையை மெல்லத் தட்டிக்கொடுத்தார். கியர் மாற்ற அதே இடது கைதான் வேண்டும் என்பதால் இரண்டாம் கியரிலேயே போனேன். எஞ்சின் கதறியது. சைக்கிளில் போனவர்கள் எங்களை முந்திப்போய்த் திரும்பிப் பார்த்தார்கள். மூத்தவர் கவலையோடு எஞ்சினின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார்.

வாய்க்கால் ஓரமாக ரோடு வலப்பக்கம் திரும்பும் இடத்தில் எருமைக் கூட்டம் ஒன்று வந்தது. ஸ்டியரிங்கை வெட்ட இரண்டு கையும் வேண்டியிருந்தது. இடது கையை எடுத்தேன். கதவு திறந்தது. மூத்தவர் உட்கார்ந்த நிலையிலேயே, ஒரு சத்தமும் போடாமல், வாய்க்காலுக்குள் போனார்.

பிக்கப்பை நிறுத்தினேன். என் கலியாணம், வீடு, மானம் எல்லாம் அந்த வாய்க்காலில் மிதப்பதாகத்தான் எனக்குப் பட்டது. மாமா சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு குதித்துவிட்டார். இடுப்பளவு தண்ணீரில் மூத்தவர் எழுந்து நின்றார். கண்ணாடி மூக்கிலேயே இருந்தது, ஒரு பக்கத்தில் பாசி தொங்கியது. என்னைப் பார்த்து நன்றாகக் குனிந்து என்னவோ சொன்னார்.

"என்ன ஏசுறாரா?" என்று நிசாமிடம் கேட்டேன்.

"இல்ல. ரொம்ப நன்றியாம். இதத் தேடித்தான் வந்தாராம்."

அப்போதுதான் மாமா தண்ணீருக்குள் நின்றபடி கேட்டார்.

"மருமகன், கயிறு எங்க?"

"மாமா... ஒங்களுக்குக் கயிறு தெரியுமா?"

"தெரியுமாவா? ஒவ்வொரு தரமும் புதுக்கயிறு மாத்தினது ஆரு எண்டு நினைச்சீங்க? நீங்க கதவ அடிச்சி அடிச்சிப் பூட்டி உடைச்சிப்போட்டீங்க எண்டு நான் நினைச்சன். மருமகனுக்கிட்ட அதச் சொல்ல ஏலுமா?"

"நான் சொன்னா, நீங்க தந்ததக் குறை சொன்ன மாதிரி ஆகிருமே மாமா."

"அப்ப ரெண்டு பேருமாச் சேந்து இந்த மனிசன வாய்க்காலுக்குள்ள போட்டிருக்கம்," என்றார் மாமா.

நிசாம் இதையெல்லாம் மொழிபெயர்த்தாரோ என்னவோ, மூத்தவர் கரையேறி நேராகக் கதவிடம் போனார். உடுப்பில் தண்ணீர் சொட்டச் சொட்டப் பூட்டைக் கழற்றி, உள்ளே இருந்த ஒரு சின்னக் கொக்கியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எங்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் கூப்பிட்டுக் காட்டினார். கொக்கி தேய்ந்திருந்தது. நிசாம் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: "கதவ அடிச்சதால இல்லியாம். குறைஞ்ச சாமான் வாங்கினதாலயும் இல்லியாம். அவங்க செஞ்சதுதான் பிழையாம். மன்னிச்சிக்கொள்ளச் சொல்றார்."

மாமா என்னைப் பார்த்தார், நான் மாமாவைப் பார்த்தேன். ஒரு வருசமாக எங்கள் இருவருக்கும் நடுவில் கட்டியிருந்ததை அந்த மனிதர் ஒரு சொல்லில் அவிழ்த்துவிட்டார். பிழையைத் தன் தலையில் எடுத்துக்கொண்டு போகக் கடல் தாண்டி ஒருவர் வருவார் என்று யார் நினைத்தது.

அதன் பிறகு வரம்பில் உட்கார்ந்து நாங்கள் வாய் மூடவேயில்லை. ஓட்டை, குலுக்கல், வைப்பர், பின்தட்டுக் கொளுக்கி எல்லாம் வெளியே வந்தது. நான் விட்டதை மாமா சொன்னார், மாமா விட்டதை நான் சொன்னேன். வயற்காவல் குடிசையிலிருந்து எடுத்த மாமாவின் பழைய சாரத்தை உடுத்துக்கொண்டு மூத்தவர் கேட்டுக்கொண்டிருந்தார். இளையவருக்கு எழுதி எழுதிக் கை நோவெடுத்தது. இரண்டு பேர் முகத்திலும் அப்படியொரு சந்தோசம்.

மூத்தவர் சொல்லிவிட்டுப் போனபடி ஏஜன்சியிலிருந்து புதுப் பூட்டு வந்தது. பௌசியா அந்தப் பிக்கப்பிலேயே, அந்தக் கதவோரமே உட்கார்ந்து ஆசுபத்திரிக்குப் போனாள். மகள் பிறந்தாள். இன்று அந்த மகளுக்கும் மாப்பிள்ளை வந்து எங்கள் வீட்டில் இருக்கிறார், நல்ல பிள்ளை. கறியில் உப்புக் கூடினாலும் "ஒரு குறையுமில்ல மாமி" என்பார். பௌசியா அகப்பையை வைத்துவிட்டுக் கேட்பாள்: "கயிறு எங்க மகன்?" அவரும் சிரித்துக்கொண்டு உண்மையைச் சொல்லிவிடுவார்.

அன்றைக்கு வந்த விருந்தாளிகள் மறுநாள் விடியக் கொழும்புக்குப் போய்விட்டார்கள். புதுப் பூட்டு வரும்வரை வேண்டுமே என்று மாமா சந்தைக்குப் போய் ஒரு முழக் கயிறு வாங்கி வந்தார். நான் கதவைப் பிடித்துக்கொண்டேன், அவர் முடிச்சுப் போட்டார்.