ஜெனரல் சோலிங்கனின் வாள்

களைத்துப்போன மனிதன் உட்கார ஒரு கதிரைக்காக எந்தப் பொய்யையும் சொல்லுவான். நான் சொன்னது, எனக்கு ஜேர்மன் மொழி தெரியும் என்பது.

பலெர்மோவில், லிபெர்த்தாப் பகுதியில் ஒரு வயதான சின்யோராவின் வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தேன். காலையில் வேறோர் இடத்தில் மாடிப்படி கழுவிவிட்டுத்தான் அங்கே போவேன். அன்று யன்னல் துடைக்கும் நாள். (அவை யன்னல்கள் அல்ல, தேவாலயக் கதவுகள்.) வாளியோடு நின்ற என்னிடம் சின்யோரா வாளோடு வந்தார்.

இறந்துபோன கணவர் வுச்சீரியாச் சந்தையில் வாங்கிவைத்த பழைய ஜேர்மன் இராணுவ வாள். அதை விற்பதற்காக, பழைய வாள்களை மதிப்பிடுகிற ஒருவரை மறுநாள் வரச் சொல்லியிருந்தார்.

"நீ ஜேர்மனியில் இருந்தவன்தானே? உட்கார்ந்து இதை வாசி."

நான் அங்கே இருந்தது அகதி முகாமில், சில மாதங்கள். கற்றுக்கொண்டது வணக்கமும் நன்றியும். ஆனால் உட்காரச் சொல்லிவிட்டாரே! கோப்பியும் வந்தது. கைப்பிடியில் சிங்க முகம். அதற்குச் சற்றுக் கீழே, அலகில் ஒரு பெயர்: சோலிங்கன்.

"ஜெனரல் சோலிங்கன்," என்றேன். "பெரிய ஆள்."

முதல் கோப்பிக்கு அவருக்கு மீசை வைத்தேன். இரண்டாவது கோப்பிக்கு வெள்ளைக் குதிரை வாங்கிக் கொடுத்தேன். யன்னல்கள் அப்படியே கிடந்தன.

மறுநாள் போனால், ஜெனரலைக் கௌரவிக்க மாடிவீட்டுச் சின்யோராக்கள் எல்லோரும் முத்துமாலையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். மதிப்பிட வந்தவர் பூதக்கண்ணாடியால் அலகைப் பார்த்தார், சிங்கத்தைப் பார்த்தார்.

"காலாட்படை அதிகாரிகள் அணிவகுப்புக்கு இடுப்பில் கட்டியது. இதைப்போல நிறைய இருக்கின்றன. விலை சுமார்தான்."

"ஜெனரல் சோலிங்கனுடையது ஆயிற்றே?" என்றார் சின்யோரா.

"அது ஊர், சின்யோரா. கத்தி, கத்தரிக்கோல் எல்லாம் செய்கிற ஊர்."

"அப்படியென்றால் அந்த வெள்ளைக் குதிரை?" என்று மாடிவீட்டுக்காரி ஒருவர் உண்மையான கவலையோடு கேட்டார்.

சின்யோரா குசினிக்குள் போனார். இறைச்சி வெட்டும் கத்தியைக் கொண்டுவந்து வாளுக்குப் பக்கத்தில் வைத்தார். அதிலும் அதே பெயர். என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"யன்னல்," என்றார். அவ்வளவுதான்.

வேலை போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டு துடைத்தேன். வீட்டுக்குப் புறப்படும்போது அந்தக் கத்தியைத் துணியில் சுற்றிக் கையில் தந்தார். "உன் ஜெனரலைக் கொண்டு போ. நாளைக்கு நேரத்துக்கு வா."

மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. "ஓம், ஜெனரல் வந்திட்டார். குதிரையை எங்கை கட்டினனீங்கள்?"

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வெங்காயம் வெட்டுவது ஜெனரல்தான். போன கோடையில் ஜேர்மனியிலிருந்து மனைவியின் தங்கை வந்திருந்தாள். "அத்தானுக்கு இப்பவும் ஜேர்மன் தெரியுமோ?" என்று கேட்டாள். நான் வாய் திறக்க முதல் மகள் முந்திக்கொண்டாள்.

"ஓம் சித்தி. கத்தியிலை எழுதியிருந்தா வாசிப்பார்."