கானகக் காவலர் லைனில் இருக்கிறார்

ஒரு காட்டில் ஒரே ஒரு குளம் இருந்தது. குளம் என்று ஒன்று இருந்தால் அதற்கு ஓர் ஆபீஸ் இல்லாமல் போகுமா? அதுவும் இருந்தது. தண்ணீர் முறை அலுவலகம் என்று பெயர். கோடையில் ஓடைகள் எல்லாம் வற்றிப்போக, இந்தக் குளம் மட்டும் முழங்கால் அளவுத் தண்ணீரோடு கிடக்கும். யார் எப்போது வந்து குடிப்பது என்று போனில் கேட்டுப் பதிந்துகொள்ள வேண்டும். மூன்றிலிருந்து நான்கு யானைகளுக்கு. மற்றப் புல் தின்பவர்களுக்கு மாலை நான்கிலிருந்து ஐந்து. புல் தின்பவர்களைத் தின்பவர்களுக்கு ஆறிலிருந்து ஏழு. நடுவில் விட்ட ஒரு மணி நேரம், முன்னவர்கள் முழுசாக வீடு போய்ச் சேர்வதற்கு.

அங்கே போன் எடுப்பவள் பூரணி என்ற தேவாங்கு. பதினோரு வருஷ சர்வீஸ். முகத்தில் பாதி கண்ணாக இருந்தாலும் அவள் பிழைப்பு என்னவோ காதில்தான். எதிர்முனையில் ஹலோ சொல்ல வேண்டியதில்லை. அதற்கு முன்னால் இழுக்கிற மூச்சு போதும், ஆளைச் சொல்லிவிடுவாள். ஊதினால் காட்டெருமை. நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினால் நரிக் குடும்பம். ஒரு சத்தமும் இல்லை என்றால் ஆமை. கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

அந்தக் காட்டில் வீரபாகு என்றொரு சிறுத்தை இருந்தான். மாசம் ஒரு தடவையாவது குரலை மெலிசாக்கிக்கொண்டு கூப்பிடுவான்.

“ஹலோ, நான் வரையாடு பேசுறேன். நாலு மணிக்கு என் பேரையும் போட்டுக்கங்க.”

“ஆறு மணிக்கு வாங்க வீரபாகு அண்ணே.”

“எப்படிம்மா கண்டுபிடிக்கிறே?”

“வரையாடு, மான் கூட்டம் எத்தனை மணிக்கு வரும்னு கேக்கும்போது எச்சில் முழுங்காதுண்ணே.”

அவன் கோபித்துக்கொள்ள மாட்டான். கேட்டுப் பார்ப்பது அவன் வேலை, மறுப்பது அவள் வேலை. இப்படியே பதினோரு கோடை ஓடிவிட்டது. நாலு மணி முறையில் ஒரு குட்டிக்குக்கூட ஆபத்து வந்ததில்லை. ஆபத்து வராத இடத்தில் யாருக்கும் பாராட்டும் வராது. பூரணியின் பெயர்கூடப் பலருக்குத் தெரியாது.

அந்த ஆபீஸின் மேலாளர் மாசிலாமணி என்ற கரடி. ஒரு நாள் பூரணி டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில், தலைமை அலுவலகம் என்று நினைத்து அவரே போனை எடுத்துவிட்டார். எடுத்தால் காகம். குளத்துத் தவளைகள் ராகம் தப்பிக் கத்துகின்றன என்று அது ஒன்றரை மணி நேரம் புகார் சொன்னது. எப்படித் தப்புகின்றன என்று பாடியும் காட்டியது. மறுநாள் கரடி பூரணியைக் கூப்பிட்டார்.

“இனிமே கூப்பிடுறது யாருன்னு எடுக்கிறதுக்கு முன்னாடியே தெரியணும். தெரிஞ்சாத்தானே எடுக்காம இருக்க முடியும்?”

“நான்தான் எடுத்துச் சொல்லிடுறேனே சார்.”

“நீ எடுத்த பிறகு, நான் இல்லைன்னு சொல்ல வேண்டியிருக்கு. பொய் சொல்றது எனக்குப் பிடிக்காது.”

இப்படி சத்தியத்தைக் காப்பாற்றுவதற்காக எட்வின் என்ற ஓணான் வரவழைக்கப்பட்டார். போன் சிஸ்டம் வேலைகளில் அவரை அடிக்க ஆள் இல்லை என்று பேச்சு. ஒரே ஒரு சங்கடம், எதைச் சொன்னாலும் தலையை ஆட்டுவார். முடியும் என்கிறாரா, முடியாது என்கிறாரா, கழுத்து வலியா என்று யாருக்கும் விளங்காது.

எட்வின் விளக்கினார். வெளியிலிருந்து கால் வரும்போது அதன் எண்ணை மெஷின் பிடித்துக்கொள்ளும். ஒரு பட்டியலில் போய் இது யார் எண் என்று கேட்கும். பட்டியல் சொல்லும் பெயர், இரண்டாவது மணி அடிப்பதற்குள் திரையில் வந்து நிற்கும். பட்டியலை யார் தருவது என்பதுதான் கேள்வி.

முதலில், அவரவர் பெயரை அவரவரே எழுதித் தரும்படி படிவம் கொடுத்துப் பார்த்தார்கள். மயில் தன் பெயரை ஏழு வரிக்கு எழுதி, தோகையின் படத்தையும் இணைத்திருந்தது. திரையில் பதினாறு எழுத்துக்கு மேல் இடமில்லை. படிவம் கைவிடப்பட்டது.

“அப்போ ஊரார் வச்சிருக்கிற பேரை எடுத்துக்குவோம்,” என்றார் எட்வின். “எல்லார் போன்லயும் மத்தவங்க எண்ணை ஏதோ ஒரு பேர்ல போட்டு வச்சிருப்பாங்கல்ல? அதை மொத்தமா வாங்கிடுவோம். அதிகம் பேர் எந்தப் பேரைப் போட்டிருக்காங்களோ, அதுதான் பேரு.”

“நியாயம்தானே?” என்று கரடி கேட்டார். எட்வின் தலையை ஆட்டினார்.

முதல் மூன்று நாள், யார் கூப்பிட்டாலும் திரையில் ‘தெரியவில்லை’ என்றே வந்தது. யானைகூடத் தெரியவில்லை. பிறகுதான் புரிந்தது: உள்ளே வரும் எண்ணுக்கு முன்னால், லைன்களை இணைக்கும் போன் போர்டு தானாக ஒரு பூஜ்யத்தை ஒட்டிக்கொண்டிருந்தது. பட்டியலில் இருந்த எண்களுக்குப் பூஜ்யம் கிடையாது. ஒரு பூஜ்யத்துக்காக மெஷின் காட்டில் ஒருவரையும் தெரியாது என்று சாதித்துவிட்டது. எட்வின் பூஜ்யத்தை வெட்டினார். நான்காம் நாள் காலை பெயர்கள் பொங்கி வந்தன.

வந்தபோதுதான் ஊரார் வைத்திருக்கும் பெயர் என்றால் என்ன என்று தெரிந்தது. யானை கூப்பிட்டது, திரையில் ‘மரம் தூக்க’ என்று வந்தது. காகம் கூப்பிட்டது, ‘ஐயோ’ என்று வந்தது. கரடி தன் கைபேசியிலிருந்து சோதித்துப் பார்த்தார். ‘எடுக்காதே 2’ என்று வந்தது.

கரடி அதை இரண்டு தடவை படித்தார். “அப்போ ஒண்ணு யாரு?”

“போன மேலாளர் சார்,” என்றாள் பூரணி.

அவருக்கு அதில் ஒரு சின்ன வருத்தம். முதலிடம் கிடைக்கவில்லையே.

எல்லாரும் போன பிறகு பூரணி தன் கைபேசியிலிருந்து ஆபீஸுக்கு ஒரு கால் போட்டுப் பார்த்தாள். திரையில் ‘ஆபீஸ் பொம்பளை’ என்று வந்தது. பதினோரு வருஷம். அவள் பெரிய கண்களை ஒரு முறை மெதுவாக மூடித் திறந்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் சுற்றறிக்கை வந்தது. திரையில் வரும் பெயரையே பதிவேட்டில் எழுத வேண்டும், சொந்த அபிப்பிராயம் கூடாது, பெயரைப் பார்த்தே நேரம் ஒதுக்க வேண்டும். “இனிமே காதைக் கஷ்டப்படுத்த வேண்டாம்,” என்றார் கரடி. “கண்ணு போதும். உனக்குத்தான் ஆண்டவன் தாராளமா குடுத்திருக்கானே.”

பத்து மணிக்கு மணி அடித்தது. திரையில் ‘தங்கமான பிள்ளை’ என்று வந்தது. பூரணி எடுத்தாள். எச்சில் விழுங்கும் சத்தம் கேட்டது.

“ஆறு மணிக்கு வாங்க வீரபாகு அண்ணே.”

“இப்போ திரையில பேரு வருதாமே, எனக்கு என்னம்மா வருது? படி பாப்போம்.”

அவள் படித்தாள். “அப்போ நாளைக்கு நாலு மணிக்குப் போட்டுக்கம்மா,” என்றான் அவன். பெயர் எப்படி வந்தது என்று பிறகு பட்டியலைத் திறந்து பார்த்தாள். அவன் எண்ணை வைத்திருந்தவர்கள் ஒன்பது பேர்: அம்மா, மூன்று அக்கா, ஒரு தங்கை, நான்கு சித்திகள். அவனைப் பற்றி வேறு மாதிரிச் சொல்லக்கூடியவர்களும் காட்டில் இருந்தார்கள். ஆனால் அவனை அவ்வளவு நெருக்கமாகத் தெரிந்துகொண்ட பிறகு, அவர்களில் யாரும் போன் வைத்துக்கொள்ளும் நிலைமையில் இல்லை.

பூரணி மேலாளரிடம் ஓடினாள். “சார், தங்கமான பிள்ளைன்னு வர்றது சிறுத்தை.”

“தங்கமான பிள்ளைன்னா சைவமாத்தான் இருக்கும். நாளைக்கு நாலு மணிக்குப் போடு.”

“குரல் எனக்குத் தெரியும் சார்.”

“சொந்த அபிப்பிராயம்,” என்றார் கரடி.

எழுதிவிட்டாள். ஆனால் அன்று முழுக்க அவளுக்கு மனசு ஆறவில்லை. சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் நேராக மான் கூட்டத்திடம் போனாள். கூட்டத்துக்குத் தலைவர் சற்குணம் என்ற கலைமான். குட்டிகளோடு சேர்த்து நாற்பத்திரண்டு பேர். எல்லார் கையிலும் போன் உண்டு.

விஷயத்தைக் கேட்டதும் கூட்டத்தில் யாரும் அசைபோடவில்லை.

“மூணு மணிக்கு வந்துடட்டுமா?” என்றார் சற்குணம்.

“மூணு மணி யானைங்க. நெரிசல்ல உங்க குட்டிங்க மிதிபட்டுடும்.”

“நாளைக்கு ஒரு நாள் வராம இருந்துட்டா?”

“இந்த வெயில்ல பால் குடிக்கிற குட்டிங்க தாங்குமா? நாளன்னைக்கும் அவர் கூப்பிடுவாரே.” பூரணி பொறுமையாகச் சொன்னாள்: “வழி ஒண்ணுதான் இருக்கு. அந்தப் பக்கம் ஒன்பது பேர். நீங்க நாப்பத்திரண்டு பேர். எல்லாரும் இப்பவே அவர் எண்ணைச் ‘சிறுத்தை’ன்னு போட்டுக்கங்க. விடிஞ்சா பட்டியல் மாறிடும்.”

“அவர் பாத்துட்டா?” என்றது ஒரு பெண் மான்.

“எப்படிப் பாப்பாரு?”

“எங்க பெரியப்பாவும் அப்படித்தான் கேட்டாரு.”

இருந்தாலும் எல்லாரும் தலையசைத்தார்கள், எண்ணை எழுதிக்கொண்டார்கள், பூரணிக்கு நன்றி சொன்னார்கள். அவள் திரும்பிய பிறகு ஒவ்வொரு மானும் ஒரே கணக்கைப் போட்டது: மற்ற நாற்பத்தொரு பேர் உண்மையைப் போடப்போகிறார்கள், நம் ஒருவர் போன் இல்லாவிட்டால் என்ன குறைந்துபோகும்? சற்குணம் யோசித்து யோசித்து, வம்பில்லாத ஒரு பெயரைத் தட்டினார். பக்கத்து மான் எட்டிப் பார்த்து அதையே தட்டியது. அதற்குப் பக்கத்து மானும் எட்டிப் பார்த்தது.

மறுநாள் மூன்றரைக்கு மணி அடித்தது. பூரணி ஆசையோடு திரையைப் பார்த்தாள். நாற்பத்திரண்டு வாக்குகள் பெற்று, ‘கானகக் காவலர்’ என்று மின்னியது.

அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. எடுத்தாள்.

“பூரணிம்மா, கிளம்பிட்டேன். அந்தப் பேரை இன்னொரு தடவை படியேன், கேட்டுட்டுப் போறேன்.”

“பேரு மாறியிருக்குண்ணே.” வேறு வழியில்லாமல் படித்தாள். “கானகக் காவலர்.”

எதிர்முனையில் மூச்சே இல்லை. ஆமையோ என்று ஒரு கணம் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

“யாரு? நானா?”

“நீங்கதான்.”

“யாரும்மா போட்டது?”

“மானுங்க. நாப்பத்திரண்டு பேரும்.”

போன் வைக்கப்பட்டது. உடனே திரும்ப அடித்தது. “இப்பவும் அதேதான் வருதா?” அதேதான் வந்தது. வைத்தான், அடித்தான். அம்மாவுக்குச் சொல்ல வேண்டும் என்று வைத்தான், அம்மா அழுதாள் என்று சொல்வதற்கு அடித்தான். பத்து நிமிஷத்தில் ஏழு கால். இனி நாமும் அவரை ‘அவர்’ என்றே சொல்வோம். நமக்கு எதற்கு வம்பு.

மணி மூன்றே முக்கால். ஜன்னல் வழியே பார்த்தாள். மான்கள் மேட்டில் இறங்கத் தொடங்கியிருந்தன, குட்டிகள் முன்னால். அவள் காதில், காவலர் பாறையிலிருந்து எழுந்து சோம்பல் முறிக்கும் சத்தம். “சரிம்மா, நேரமாச்சு,” என்றார். குரலில் இப்போது ஒரு கம்பீரம் இருந்தது, எச்சிலும் இருந்தது.

பூரணியின் விரல் தானாக ஒரு பட்டனுக்குப் போனது.

“ஐயா, வைச்சுடாதீங்க. உங்க பேரைப் பாத்துட்டு மேலாளர் உங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசணும்னாரு. கொஞ்சம் லைன்ல இருங்க.”

“மேலாளரா? என்கிட்டயா?”

“உங்ககிட்டதான் ஐயா.”

ஹோல்டில் போட்டாள். ஹோல்டில் போட்டால் குயில் பதிந்து கொடுத்த ஒரு பாட்டு ஓடும். ஒரே வரி, திரும்பத் திரும்ப. பிறகு அந்த அழைப்பை மேலாளர் அறைக்குத் தள்ளினாள். அவர் திரையில் பெயர் வந்தது. கரடி நாற்காலியிலிருந்து எழுந்து, ஓசைப்படாமல் கதவு வரை வந்தார்.

“யாரு பூரணி அது, காவலரு?”

“பெரிய ஆளு சார்.”

“அப்போ நான் எடுக்கலை. பெரியவங்க கூப்பிட்டா எதையாவது கேப்பாங்க.” உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மணி நான்கு. நாலே கால். சாதாரணச் சிறுத்தையாக இருந்தால் எப்போதோ போனை வீசிவிட்டுப் பாய்ந்திருப்பான். கானகக் காவலர் எப்படி வீசுவார்? அவர் பாறையில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து குயிலைக் கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு தடவை பூரணி லைனில் எட்டிப் பார்த்தாள். “ஐயா, இருக்கீங்களா?”

“இருக்கேன்மா. ஐயாவை அவசரப்படுத்தாதே. பொறுப்புல இருக்கிறவங்களுக்கு ஆயிரம் வேலை. எனக்குத் தெரியாதா?”

ஐந்து மணிக்குக் கடைசிக் குட்டி ஈர மூக்கோடு மேடேறியது. பூரணி அதன் வால் புதருக்குள் மறையும்வரை பார்த்துவிட்டு, நீளமாக ஒரு மூச்சு விட்டு, லைனை எடுத்தாள்.

“சார் மீட்டிங்ல மாட்டிக்கிட்டாரு ஐயா. நாளைக்கு இதே நேரம் கூப்பிட முடியுமா?”

“மூணரைக்கே கூப்பிடுறேன். தண்ணிக்கு ஆறு மணிக்கு வரலாமாம்மா?”

“தாராளமா வாங்க.”

மறுநாளும் கூப்பிட்டார். அதற்கு மறுநாளும். ஆடி முடிந்து மழை வந்தது, ஓடைகள் எல்லாம் நிரம்பின, குளத்துக்கு யாரும் வருவதில்லை. காவலர் மட்டும் நாள் தவறாமல் மூன்றரைக்கு லைனில் வந்து ஐந்து வரை காத்திருந்தார். குயில் பாட்டு அவருக்கு மனப்பாடம். போன் சிஸ்டம் வந்த பிறகு குளத்தில் ஓர் அசம்பாவிதமும் நடக்கவில்லை என்று தலைமை அலுவலகம் கரடிக்குச் சான்றிதழ் கொடுத்தது. இதெல்லாம் இந்த மெஷினால்தானே என்று கேட்டார்கள். எட்வின் தலையை ஆட்டினார்.

நீதி: பல் உள்ளவர்களைப் பெயர் சொல்லி அழைக்காதே, பாய்ந்து வருவார்கள். பட்டம் சொல்லி அழைத்து, லைனில் இருக்கச் சொல், இருப்பார்கள்.