செல்லியம்மா கழுத்தில் நீரோ

அடுத்தவன் மனைவியின் கழுத்தை வைத்த கண் வாங்காமல் பார்ப்பது தப்பு என்று டெலிபோன் இலாகா ஸௌரிராஜனுக்குத் தெரியாதா என்ன? திருப்பதியில் ஐம்பத்து நாலு வருஷமாக நாமம் கலையாமல் வாழ்ந்தவர். ஆனால் அந்தக் கழுத்தில், மஞ்சள் கயிற்றில், ரோமாபுரிச் சக்கரவர்த்தி நீரோ அல்லவா தொங்கிக்கொண்டிருந்தான்!

புத்தலப்பட்டில் செல்லியம்மா வீட்டுக்கு டெலிபோன் இணைப்புக் கொடுக்க வந்த இடம். அவள் மகன் தேவேந்திரன் குவைத்தில் லாரி ஓட்டுகிறான். அவன் குரலைக் கேட்கத்தான் போன். கம்பி இழுத்து, மணி அடித்துப் பார்த்து, லைன்மேனும் போய்விட்டான். ஸௌரிராஜன் மட்டும் மூன்றாவது டம்ளர் மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

அவருடைய பழங்காசு ஆல்பத்தில் ரோமாபுரியின் பன்னிரண்டு சீசர்களுக்குப் பன்னிரண்டு இடம். பதினொன்றில் ஆள் குடியேறியாகிவிட்டது. நீரோவின் இடம் மட்டும் ஒன்பது வருஷமாகக் காலி. மகளைப் பெண் பார்க்க வந்த பையனின் முகம் அவருக்கு நினைவில்லை. சீசர் வெஸ்பாசியனின் நெற்றியில் எத்தனை சுருக்கம் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்லுவார்.

"அந்த ஓட்டையை ரொப்பறதுக்கு முன்னாடி நம்மாத்துக் கூரை ஓட்டையை ரொப்புங்கோளேன்" என்பாள் மனைவி வஸுமதி.

"அது என்னம்மா கழுத்துல?" என்று செல்லியம்மாவிடம், மோரைப் பார்த்துக் கேட்டார்.

"அம்மன் காசு சாமி."

"செல்லாத காசும்மா அது. எங்கிட்ட குடுத்துடேன்."

"செல்லாத காசு உங்களுக்கு இன்னாத்துக்கு சாமி?"

நியாயமான கேள்விதான்.

"பதிலுக்குப் புது வெள்ளிக்காசு தரேன். லட்சுமி போட்டது."

செல்லியம்மாவின் கண்கள் சுருங்கின. "செல்லாததுக்கு வெள்ளியா? அப்ப இதுல இன்னாவோ கீது." வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த புருஷன் கங்கையாவைக் கூப்பிட்டாள். "யோவ், இந்த முடிச்ச இன்னொரு தபா இறுக்கு."

கங்கையா பேசாமல் வந்து இறுக்கிவிட்டு, பேசாமல் கடலைக்குத் திரும்பினான்.

"உண்மையைச் சொல்லிடறேன். எனக்கு அந்த முகம் ரொம்பப் பிடிச்சிருக்கு" என்றார் ஸௌரிராஜன்.

கடலை உரிக்கும் சத்தம் நின்றது.

"காசுல இருக்கிற முகம்!" என்று அலறினார்.

"எங்க அம்மன் கங்கம்மா மூஞ்சி யாருக்குத்தான் புடிக்காது?" செல்லியம்மா காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "கொழுகொழுன்னு கன்னம், சுருட்ட முடி. வெள்ளிக்கெழம தவறாம புளி போட்டுத் தேய்ச்சி மஞ்சள் வெக்கிறேன்."

புளி! ஏற்கெனவே நீரோவின் மூக்கு பாதி கரைந்திருந்தது. இன்னும் பத்து வெள்ளிக்கிழமை போனால் கன்னமும் போய்விடும்.

"அது கங்கம்மா இல்லேம்மா, ஆம்பளை! பெத்த தாயையே கொன்ன பாவி!"

வாய்தவறி வந்ததென்னவோ சரித்திர உண்மைதான். செல்லியம்மா வெடுக்கென்று முடிச்சை அவிழ்த்துக் காசை உருவினாள்.

"எம்புள்ள கடல் தாண்டிக் கீறான். தாயக் கொன்னவன நான் மார்ல போட்டுக்கினு கீறனே! யோவ், கொண்டுபோய் உருக்கு இத!"

"உருக்காதே! பாவம் வெள்ளியில கலந்துடும்!" எந்த சாஸ்திரத்தில் இருக்கிறது என்று அவருக்கே தெரியாது.

"அப்ப கெணத்துல போட்டுடறேன்."

"தண்ணி பாழாயிடும்!"

"பின்ன இன்னாதான் சாமி பண்றது?" செல்லியம்மாவுக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

"இந்த மூஞ்சியைத் தாங்க ஏழுமலையான் ஒருத்தராலதான் முடியும். உண்டியல்ல சேர்த்துட்டா பாவம் பஸ்பம். குடு, நானே சேர்த்துடறேன்."

அவள் காசை அவர் உள்ளங்கையில் வைத்துக் காலில் விழுந்தாள். ஸௌரிராஜனுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. பஸ் வரும்வரை இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நீரோ ஆல்பத்தில் குடியேறினான். மூக்கு இல்லாவிட்டால் என்ன, அந்த இரட்டைத் தாடையும் தடித்த கழுத்தும் போதாதா? பெருமாள் படத்துக்கு முன்னால் நின்று, "உமக்கு ஒரு காசு குறைஞ்சா ஒண்ணும் ஆயிடாது" என்று கணக்கை நேர் செய்துகொண்டார்.

பத்தாம் நாள் காலையில் கங்கையா வாசலில் நின்றான். மொட்டைத்தலை, சந்தனம், கையில் லட்டு.

"தேவேந்திரன் போன் பண்ணான் சாமி. சொகமா கீறானாம். எல்லாம் நீங்க சொன்ன வார்த்ததான்."

"நான் என்னப்பா சொன்னேன்?"

"கெணறு வெட்டறப்ப ஒரு பானை கெடச்சிச்சு சாமி. செல்லி போட்டிருந்ததும் அதுலேர்ந்து எடுத்ததுதான். நீங்க கவர்மெண்ட் ஆளாச்சேன்னு அன்னிக்கி வாயத் தொறக்கல. பானை முழுக்க அதே பாவி."

ஸௌரிராஜன் வாசலுக்கே இறங்கி வந்துவிட்டார். "பானை இப்ப எங்கேப்பா?"

"நேத்து மலைக்குப் போய் மொத்தத்தையும் உண்டியல்ல கொட்டிட்டோம்" என்று நிம்மதியாகச் சிரித்தான் கங்கையா. "உங்களுக்குக் குடுத்ததாவது புளி பட்டு மூக்கு போனது சாமி, பானையில இருந்த முந்நூறும் மூக்கும் முழியுமா அப்பிடியே இருந்திச்சு!"