யார் அப்பன் வீட்டு சர்க்யூட்?

மூன்று வருடம் உயிரைக் கொடுத்து வடிவமைத்த மெமரி சிப் விற்பனைக்குப் போக வேண்டிய வாரத்தில், அது திருட்டுச் சரக்கு என்று போட்டிக் கம்பெனியிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. சிப்பில் ஒரு வரிசைத் தகவலைப் படிக்கும்போதே அடுத்த வரிசையைத் தயாராக்கி வைக்கும் முறைக்குக் காப்புரிமை அவர்களிடம் இருக்கிறதாம். உரிமம் வாங்காமல் ஒரு சிப்பைக்கூட வெளியே விடக் கூடாதாம்.

இன்ஜினீயருக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"ஒரு வாய் மெல்லும்போதே கை அடுத்த வாய்க்குத் தட்டுக்குப் போகுது. அதுக்கும் இவன்கிட்ட லைசென்ஸ் வாங்கணுமா?" என்று மனைவியிடம் கேட்டார்.

"அதை ஏன் என்கிட்ட கத்தறீங்க? சர்க்யூட்டை மாத்திப் பாருங்க," என்றாள் அவள்.

மாற்றினார். சிப் தொட்டால் சுட்டது. போதாததற்கு, வாடிக்கையாளருக்கு அனுப்பிய மாதிரி சிப் ஒன்றைப் போட்டிக் கம்பெனிக்காரர்கள் பிரித்துப் பார்த்துவிட்டு, இதுவும் தங்கள் காப்புரிமையின் நாலாவது பிரிவில் வருகிறது என்று அடுத்த நோட்டீஸ் அனுப்பினார்கள்.

நேராக அவர்கள் வக்கீலுக்கே போன் போட்டார். இந்த முறையைத் தானே யோசித்ததாகவும், பழைய சிப்புகளிலேயே பயன்படுத்தியிருப்பதாகவும் பொரிந்து தள்ளினார். மூன்றாவது நோட்டீஸ் அந்தப் பழைய சிப்புகளையும் சேர்த்துக்கொண்டு வந்தது.

முதலாளி கூப்பிட்டனுப்பினார். அவர் கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"இனிமே நீங்க வாயே திறக்காதீங்க. நான் பாத்துக்கறேன்."

வாயைத்தானே திறக்கக் கூடாது? லீவு போட்டுவிட்டு, மனைவியையும் இழுத்துக்கொண்டு நூலகம் நூலகமாக அலைந்தார். ஆறாவது நூலகத்தில், தும்மலுக்கு நடுவே அவள்தான் கண்டுபிடித்தாள்: யாரோ ஒரு பேராசிரியர், போட்டிக் கம்பெனி காப்புரிமை வாங்குவதற்கு ஐந்து வருடம் முன்பே எழுதிய கட்டுரை. அச்சு அசலாக அதே முறை, படத்தோடு.

ஏற்கெனவே அச்சில் வந்த முறைக்குக் காப்புரிமை கிடையாது, அதை ரத்து செய்யுங்கள் என்று, ஆபீஸில் யாரிடமும் மூச்சு விடாமல், சொந்தப் பெயரில் காப்புரிமை அலுவலகத்துக்கு மனு போட்டார். எட்டு மாதம் இழுத்தடித்துவிட்டு, அந்தக் காப்புரிமை செல்லாது என்று உத்தரவு போட்டார்கள்.

உத்தரவைக் கையில் பிடித்தபடி, லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் ஐந்து மாடி ஏறி, முதலாளி அறை வாசலில் இருந்த காரியதரிசிப் பெண்ணின் முன்னால் மூச்சிரைக்க நின்றார்.

"அவங்க காப்புரிமை செத்துப்போச்சும்மா. நான்தான் கொன்னேன். முதலாளிகிட்ட உடனே சொல்லணும்."

அவள் காகிதத்தை வாங்கிப் படித்தாள். மூடிய கதவை ஒருமுறை பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"இந்தக் காப்புரிமைக்காகத்தான் சார், முதலாளி நேத்து அந்தக் கம்பெனியையே விலைக்கு வாங்கினாரு."